ஹாலஜனைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுவது பற்றித்தான். வழக்கமான பாட்டை முதலிலேயே பாடிவிடுகிறேன். ஏணியில் ஏறும் முன் மெயினை இறக்குங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இப்போதுதான் அணைத்த ஹாலஜன் என்றால் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள்.

ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கில் நான்கு 50 வாட்ஸ் ஹாலஜன் இருக்கின்றன. மாற்றினால் பில் குறையுமா? போன தடவை 530 யூனிட் வந்தது. (காரிமங்கலம் வாசகி)

நாலு ஐம்பது 200 வாட்ஸ். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அதே இடத்தில் 5 வாட்ஸ் எல்.இ.டி. போட்டால் அந்த ஒரு யூனிட் பத்து நாள் ஓடும். இரண்டு மாத பில்லில் ஐம்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். உங்கள் ரீடிங் 530 என்பதால் உங்களுக்கு லாபம் இன்னும் கூடுதல். 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள 30 யூனிட்டுக்குத்தான் விலை ஏறும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கீழே 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கும் விலை இரட்டிப்பாகிவிடும். அடுத்த ரீடிங் எடுக்க வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஸ்பாட் லைட்டில் எல்.இ.டி. மாற்றினேன். மினுக் மினுக் என்கிறது. பல்பு போலியா? (தர்மபுரி வாசகர்)

பின்புறம் இரண்டு ஊசிக் கம்பி உள்ள 12 வோல்ட் பல்பாகத்தான் இருக்க வேண்டும். சீலிங்குக்கு மேலே பழைய ஹாலஜன் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். குறைந்தது 20 வாட்ஸாவது இழுத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் வகை அது. உங்கள் 5 வாட்ஸ் பல்பு அதற்குப் பசிக்குக்கூடக் காணாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி.க்கென்றே உள்ள 12 வோல்ட் டிரைவர் போடுங்கள். பல்பின் மேல் பழி போடாதீர்கள்.

டிம்மர் வைத்திருக்கிறேன். எல்.இ.டி. போட்டால் 'ஙொய்' என்று சத்தம். (ஓசூர் வாசகர்)

டிம்மருக்கு ஏற்ற பல்பு என்று அட்டையில் போட்டிருந்ததா? படித்திருக்க மாட்டீர்கள். அந்த வகையை வாங்குங்கள், அல்லது டிம்மரை எடுத்துவிட்டுச் சாதா சுவிட்ச் போடுங்கள்.

பல்பு அடிக்கடி போகிறது. என்ன செய்யலாம்? (ஊத்தங்கரை வாசகர்)

எந்த பல்பு, எத்தனை வாட்ஸ், எந்த ஃபிட்டிங், எத்தனை மாதம் எரிந்தது? ஒன்றும் எழுதாமல் வைத்தியம் கேட்டால் எப்படி? யூகித்துச் சொல்கிறேன். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டியிருப்பீர்கள். ஹாலஜன் சூட்டைத் தாங்கும். எல்.இ.டி.யின் அடியில் இருக்கும் சின்ன சர்க்யூட் தாங்காது, கப்பாசிட்டர் வெந்துவிடும். காற்று போகும் ஃபிட்டிங்குக்கு மாற்றுங்கள். சந்தையில் கூவி விற்கிற முப்பது ரூபாய் பல்பை வாங்காதீர்கள். பில்லோடும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணோடும் வாங்குங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பேய் மாதிரி மங்கலாக எரிகிறது. ஹாலஜன் இருந்தவரை இப்படி இல்லை. ஒயர்மேன் "எல்.இ.டி. என்றாலே அப்படித்தான்" என்கிறார். (பாலக்கோடு வாசகி)

அந்த ஒயர்மேனைக் கொஞ்சம் என்னிடம் அனுப்பிவையுங்கள்.

அம்மா, இதற்கு மூன்று காரணம் உண்டு. சுவிட்சில் சிவப்பாக மின்னும் இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் கசியும். நீளமான ஒயர்கள் ஒரே பைப்பில் ஒட்டி ஓடினாலும் கொஞ்சம் தூண்டல் வரும். இந்த இரண்டும் பெரிய ஆபத்தில்லை. மூன்றாவதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுவது: சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயரில்) போடாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் ஒயரில்) போட்டிருப்பது. சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டர் வரை ஃபேஸ் உயிரோடு நிற்கும். ஹாலஜன் இழை அந்தக் கசிவுக்குச் சூடேறாது, அதனால் குட்டு வெளிப்படவில்லை. எல்.இ.டி.க்குத் துளி கரண்ட் போதும், காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், என் சொந்த வீட்டிலேயே அனுபவித்திருக்கிறேன். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்ற தைரியத்தில் வராண்டா ஹோல்டரில் விரல் பட்டது. ஏணியின் நாலாவது படியிலிருந்து துளசி மாடத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன். பல்பு மாற்றுவது வேலையே இல்லை என்று நினைக்கிற எல்லோருக்கும் அந்த இடுப்பு வலியை ஒரு வாரம் கடன் கொடுக்க ஆசை.

மெயினை இறக்கிப் பல்பைக் கழற்றிவிட்டு, மெயினைத் திரும்பப் போட்டு, சுவிட்சை அணைத்த நிலையில் அதன் இரண்டு முனையிலும் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் மட்டும் பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறது, சரி. இரண்டிலும் அப்படி எரியவில்லை என்றால் நியூட்ரலில்தான் மாட்டியிருக்கிறார்கள். தூண்டலில் டெஸ்டர் லேசாக மினுங்குவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அப்புறம் மெயினை இறக்கிவிட்டு ஒயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு லைட்டில் இப்படி என்றால் வீடு முழுக்கப் பார்க்க வேண்டும். "அப்படித்தான்" என்று சொல்கிறவரை வைத்துப் பார்க்காதீர்கள்.

கேழ்வரகுக் களத்துக்கு 500 வாட்ஸ் குச்சி ஹாலஜன் போகஸ் வைத்திருக்கிறோம். குச்சியை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றலாமா? (பென்னாகரம் வாசகர்)

வேண்டாம். எல்.இ.டி. குச்சி தடிமன், பழைய பெட்டிக்குள் சரியாக உட்காராது, சூட்டில் சாகும். முழு போகஸையும் மாற்றுங்கள். அதே வெளிச்சம் வேண்டுமானால் 100 வாட்ஸ். களத்துக்கு 50 போதும் என்பது என் எண்ணம். நாலு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் குடித்தது அந்தக் குச்சி. மழையில் நிற்கப்போகிறது என்பதால் ஐ.பி. 65 பார்த்து வாங்குங்கள். மெயினை இறக்க மறக்காதீர்கள்.

வீட்டில் சேலை வியாபாரம். எல்.இ.டி. போட்டதும் அரக்குச் சேலை செத்துப்போன மாதிரி தெரிகிறது. (பர்கூர் வாசகி)

நல்ல கேள்வி. ஹாலஜனில் நிறம் அப்படியே தெரியும், அதன் நிறக் குறியீடு கிட்டத்தட்ட 100. சாதா எல்.இ.டி.யில் 80 சுமார், சிவப்பில்தான் அடிவாங்கும். அட்டையில் இந்த நிறக் குறியீடு (சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும்) 90க்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். 6500 கே என்ற வெள்ளை வேண்டாம், 3000 அல்லது 4000 எடுங்கள். விலை கூடத்தான். கலர் சரியில்லை என்று சேலை திரும்பி வருவதைவிட மலிவு.

கார் ஹெட்லைட்டையும் எல்.இ.டி.யாக மாற்றலாமா? (நல்லம்பள்ளி வாசகர்)

ஹாலஜனுக்காகச் செய்த கண்ணாடியில் எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி சிதறும். தொப்பூர் கணவாயில் எதிரே லாரி ஓட்டி வருகிறவரின் கண்ணில் அடிக்காதீர்கள்.

நாட்டுக்கோழிக் குஞ்சுக் கூண்டில் 100 வாட்ஸ் பல்பு கரண்டைத் தின்கிறது. 9 வாட்ஸ் எல்.இ.டி. போடலாமா? (அரூர் வாசகர்)

போட்டால் காலையில் குஞ்சு இருக்காது. அதற்கு வேண்டியது சூடு. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள். பழைய பல்பே இருக்கட்டும், உமி மேல் படாத உயரத்தில் சங்கிலியில் தொங்கவிடுங்கள்.