ஹோபார்ட்டில் இறங்கிய பிறகு தடயம் இல்லாத கைதி

பிரிட்டிஷ் அரசால் நாடுகடத்தப்பட்டு, 1842இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள ஹோபார்ட்டில் இறங்கிய கைதியின் பெயர் அதன்பின் எங்குமே இல்லை என்கிறீர்கள். பெயரை விடுங்கள், அவர் வந்த கப்பலையும் போலீஸ் எண்ணையும் (கைதி ஒவ்வொருவருக்கும் அங்கே கொடுத்த எண்) பிடித்துத் தேடுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயரின் எழுத்துகள் பதிவுக்குப் பதிவு மாறும்.

முதலில் டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் நடத்தைப் பதிவேட்டைப் பாருங்கள். இணையத்தில் இலவசம்தான். விசாரணை நடந்த ஊர், தன் குற்றத்தைப் பற்றி அவரே சொன்ன வாக்குமூலம், குடித்துவிட்டு வேலைக்கு வராததற்குக் கிடைத்த தண்டனை என்று எல்லாமே நெருக்கி எழுதிய அந்த ஒரே பக்கத்தில் இருக்கலாம். அடையாளப் பட்டியலையும் விடாதீர்கள். உயரம், கண் நிறம், கையில் குத்திய பச்சை வரை குறித்திருப்பார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதுதான் ஆளே எதிரில் வந்து நிற்பதுபோல் இருக்கும்.

தண்டனை முடிந்த தேதி 1851ஐ ஒட்டி இருந்தால், தங்கம் தேடி ஆஸ்திரேலியப் பெருநிலத்திலுள்ள விக்டோரியாவுக்குக் கடல் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். பலர் அப்படித்தான் போனார்கள். 1853 முதலான விக்டோரியா இறப்புப் பதிவுகளைப் பாருங்கள். பிறந்த ஊர், பெற்றோர் பெயருக்கெல்லாம் அதில் இடம் உண்டு.

ஒன்று மட்டும் கவனம்: பெயர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வயதும் பிறந்த ஊரும் சேர்ந்து பொருந்த வேண்டும்.