வெள்ளித் தாளைப் புதைத்தால் மாடி அறை குளிருமா?

கேள்வி: எங்கள் மேல்தள அறை இரவு பத்து மணிக்கும் அனலடிக்கிறது. மொட்டை மாடியில் அலுமினியத் தாளை விரித்து, மேலே சாந்து கொட்டி ஓடு பதித்தால் 95 சதவீத வெப்பம் திரும்பிவிடும் என்கிறார் ஒரு முகவர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த 95 பொய்யான எண் அல்ல. உங்கள் மாடிக்குப் பொருந்தாத எண். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்வீச்சில் ஏறத்தாழ அந்த அளவைத் திருப்பி அனுப்பும். ஆனால் கதிர் வந்து விழுவதற்குத் தாளின் முன்னால் காற்றிடைவெளி வேண்டும். சாந்துக்குள் புதைந்த தாளில் எந்தக் கதிர் விழும்? ஓடு, சாந்து, தாள், கான்கிரீட் என ஒன்றையொன்று தொட்டபடியே வெப்பம் இறங்கிவிடும். இது கடத்தல். கடத்துவதில் அலுமினியம் கான்கிரீட்டைவிட நூறு மடங்குக்கும் மேல் வல்லது.

முகவர்கள் எரியும் விளக்கின் கீழே தாளைப் பிடித்து, அதன் அடியில் கையை வைக்கச் சொல்வார்கள். கை சுடாது. அங்கே விளக்குக்கும் தாளுக்கும் நடுவே காற்று இருக்கிறது. உங்கள் மாடியில் இருக்காது. சோதனையில் ஒன்றைக் காட்டி, வேலையில் வேறொன்றைச் செய்கிறார்கள். விளம்பரத்தில் எண்ணைப் பெரிதாக அச்சிட அனுமதிக்கிறவர்கள், அது எந்த அமைப்பில் கிடைத்தது என்பதையும் அதே அளவில் அச்சிடச் செய்தால் என்ன? பள்ளிகளும் வெப்பம் பரவும் வழிகளாகக் கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு என்று மூன்று பெயர்களை ஒப்பிக்கவைப்பதோடு நின்றுவிடுகின்றன.

ஓர் இடத்தில் மட்டும் தாள் பயன்படும். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால், கான்கிரீட்டின் அடிப்பரப்பில் பளபளப்பு கீழே பார்க்கும்படி ஒட்டி, பலகைக்கும் அதற்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ‘வெப்பம் மேலிருந்துதானே வருகிறது, பளபளப்பு கீழே பார்த்து என்ன பயன்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகப் பிரதிபலிக்கும் பரப்பு, தானே சூடேறினாலும் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும். 1859-லேயே ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் சொன்ன விதி இது. மேலே பார்க்கும் தாளில் தூசி படிந்து பளபளப்பு போய்விடும்; கீழே பார்ப்பதில் படியாது.

ஆனாலும் முதல் செலவு அதுவாக இருக்க வேண்டாம். இரவில் சுடுவது, பகலெல்லாம் கான்கிரீட் குடித்துவைத்த வெயில். அதைத் தளத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். வெயிலைப் பிரதிபலிக்கும் வெள்ளைப் பூச்சை மொட்டை மாடியில் அடியுங்கள், அழுக்கேறினால் கழுவுங்கள். போதவில்லையென்றால், காற்றைச் சிறு குமிழிகளாக அடைத்துவைத்திருக்கும் ஃபோம் பலகைகளைத் தளத்தின்மேல் பதிக்கலாம்.