லண்டனில் செப்டம்பரில் ரிசெப்ஷன் (அங்கே முதல் வகுப்புக்கு முந்தைய பள்ளி ஆண்டு) சேரப்போகும் நான்கு வயது மகளுக்கு இப்போதே ஆங்கிலம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா?

இரண்டுக்கும் என் பதில்: வேண்டாம். இரண்டாவதற்கு, தயவுசெய்து வேண்டாம்.

சென்னையில் எல்கேஜி முடித்த குழந்தை, ஆகஸ்டில் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஏ முதல் இசட் வரை பெரிய எழுத்தில் எழுதுவாள், நூறு வரை எண்ணுவாள், நாலு ரைம்ஸ் ஒப்பிப்பாள் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே முதல் டேர்மில், அதாவது செப்டம்பர் தொடக்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை வரை, இவற்றை யாரும் கேட்கப்போவதில்லை. தானே கோட்டு மாட்டுவாளா, தானே டாய்லெட் போய்ச் சுத்தம் செய்துகொள்வாளா, தட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிடுவாளா, உதவி வேண்டுமென்றால் வாய்திறந்து கேட்பாளா என்றுதான் பார்ப்பார்கள். நம் வீடுகளில் இந்த நான்கையும் பெரியவர்களே செய்துவிடுகிறோம். அதனால்தான் படிப்பில் கெட்டியான குழந்தைகூட முதல் மாதத்தில் அழுகிறது.

டாய்லெட்டை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. பள்ளியில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். டீச்சரோ உதவியாளரோ வழக்கமாகத் துடைத்துவிட மாட்டார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் பழக்குங்கள்: மூன்று நான்கு தாளைக் கிழித்து மடித்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தாளைப் பார்த்து, சுத்தமாகும்வரை புதுத் தாள் எடுத்துத் துடைக்க வேண்டும். பிறகு தாளைக் கோப்பைக்குள்ளேயே போட்டு, ஃபிளஷ் செய்து, சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பெண் குழந்தை என்பதால் முன்னிருந்து பின் என்ற வரிசை முக்கியம், மாறினால் தொற்று வரலாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடையே வாங்குங்கள். பெல்ட், பட்டன், கொக்கி எதுவும் வேண்டாம். அவசரத்தில் அவிழ்க்கத் தெரியாமல் நனைத்துக்கொள்வது அங்கே பிறந்த குழந்தைகளுக்கும் நடப்பதுதான், ஒரு செட் உள்ளாடையும் சாக்ஸும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

கோட்டுக்கு ஒரு வழி உண்டு, அங்கே நர்சரிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது. கோட்டை ஜிப்பைத் திறந்து, உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரிக்க வேண்டும். தலைமூடி இருக்கும் பக்கம் குழந்தையின் காலடியில் வர வேண்டும். குனிந்து இரண்டு கையையும் கைப்பகுதிக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டால் கோட்டு தானாக மாட்டிக்கொள்ளும். தலைகீழாக மாட்டிக்கொண்டால் கோட்டைத் திருப்பி விரித்துவிட்டாள் என்று பொருள். ஒரு வகுப்புக்கு முப்பது குழந்தைகள், மழையிலும் வெளியே விளையாட விடுவார்கள். தானே மாட்டத் தெரிந்தவள் முதலில் வெளியே ஓடுவாள், தெரியாதவள் காத்து நிற்பாள். ஷூ வெல்க்ரோ வைத்ததாக இருக்கட்டும். முப்பது பேருக்கும் ஒரே நிற ஸ்வெட்டர் என்பதால் ஒவ்வொரு துணியிலும், உள்ளே இருக்கும் சலவை லேபிளில், அழியாத மையால் பெயர் எழுதுங்கள். கையுறை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா மூடி உட்பட. லோகோ போட்டதை எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம், எது கட்டாயம் என்று பள்ளியில் கேட்டுவிட்டு மீதியை சூப்பர்மார்க்கெட்டில் எடுத்தால் போதும்.

இனி எழுத்து. ‘சும்மா இருந்தால் பின்தங்கிவிடுவாளே’ என்று சிலர் கருத்துப் பகுதியில் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் சும்மா இருக்கச் சொல்லவில்லை, தவறாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்கிறேன். அங்கே எழுத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குவதில்லை, ஒலியைச் சொல்லித் தொடங்குவார்கள். அதற்குப் பெயர் ஃபோனிக்ஸ். பெரும்பாலான பள்ளிகளில் எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n) என்ற ஆறு எழுத்துகளின் ஒலிதான் முதலில் வரும். ஏனென்றால் இந்த ஆறை வைத்தே ஸாட் (sat), பின் (pin), டேப் (tap), நிப் (nip) என்று நிறையச் சின்னச் சொற்களைப் படித்துவிடலாம்.

இங்கேதான் தமிழ்க் குழந்தைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாமே கெடுக்கிறோம். அந்த ஒலிகள் நம் மெய்யெழுத்துகள். பி என்ற எழுத்தின் ஒலி ‘ப்’. ‘ப’ அல்ல, ‘பு’ அல்ல, ‘பஹ்’ அல்ல. புள்ளி வைத்த ப். ப் + இ + ன் என்று சேர்த்தால் ‘பின்’ வரும். ‘ப, இ, ன’ என்று சொல்லிக்கொடுத்த குழந்தை மூன்றையும் சேர்க்கும்போது ‘பஇன’ என்று முழித்துக்கொண்டு நிற்கும். நாம் அகரம் சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள், அந்தப் பழக்கம் நம் வாயிலிருந்து குழந்தையின் வாய்க்குப் போகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள்: ம் + ஆ = மா, ப் + ஆ = பா. இது புரிந்த குழந்தைக்கு ஃபோனிக்ஸில் கஷ்டமான இடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஸ், ம், ன் மூன்றையும் இழுக்கலாம்: ‘ஸ்ஸ்ஸ்’, ‘ம்ம்ம்’. ப், ட் இரண்டையும் இழுக்க முடியாது, வெடித்து முடிந்துவிடும். ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்து ஆங்கில ‘பின்’னைச் சொல்லிப் பாருங்கள், காகிதம் படபடக்கும். தமிழில் ‘பின்னால்’ என்று சொல்லும்போது அது கிட்டத்தட்ட அசையாது. ஆங்கில டி நம் த் போலப் பல்லில் படாது, நம் ட் போல நாக்கை மடக்கியும் வராது. மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் நாக்கின் நுனி தட்ட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் திருத்த வேண்டாம், பள்ளியில் பிடித்துக்கொள்வாள். நீங்கள் கடைசியில் அகரம் ஒட்டாமல் சொன்னால் போதும். எழுதுவதென்றால் அவள் பெயர் மட்டும்: முதல் எழுத்து பெரிது, மற்றவை சின்ன எழுத்து. முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் பழக்கியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

முதல் ஆறு வாரத்துக்குள் டீச்சர் தனியாக உட்காரவைத்து ஒரு மதிப்பீடு செய்வார், சுமார் இருபது நிமிடம். 2021 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளில் இது கட்டாயம். இதில் தேர்ச்சி, தோல்வி கிடையாது. இதற்கு டியூஷன் தேடாதீர்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி எது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதுங்கள். ‘தமிழ் என்று போட்டால் மக்குக் குழந்தைகளோடு சேர்த்துவிடுவார்கள்’ என்று பயமுறுத்தி, ஆங்கிலம் என்று எழுதச் சொல்லும் ஆட்கள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் குழந்தைக்காகப் பள்ளிக்குத் தனி நிதி மூன்று ஆண்டு வரை வர வாய்ப்பு உண்டு, பொய் எழுதினால் அந்த உதவியைத்தான் தட்டிவிடுகிறீர்கள். புதிய மொழிக்குள் போகும் குழந்தை சில வாரம், சில சமயம் சில மாதம்கூட, வகுப்பில் பேசாமல் இருக்கும். உள்ளே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்கும். டீச்சர்களுக்கு இது தெரிந்த கட்டம்தான். அந்த நேரத்தில் வீட்டிலும் தமிழை நிறுத்தி, நாம் தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தைக் கொடுத்தால், அழுத காரணத்தைச் சொல்லக்கூட அவளுக்கு ஒரு மொழி இருக்காது. இரவுக் கதை தமிழிலேயே இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் ஏழெட்டு வாக்கியம் மட்டும் நாக்கில் இருக்க வேண்டும்: ‘டாய்லெட் ப்ளீஸ்’, ‘ஹெல்ப் மீ ப்ளீஸ்’, ‘வாட்டர் ப்ளீஸ்’, ‘கேன் ஐ ப்ளே’, ‘மை டம்மி ஹர்ட்ஸ்’ (வயிறு வலிக்கிறது), ‘ஐ ஹாவ் ஃபினிஷ்ட்’, ‘ஸ்டாப், ஐ டோன்ட் லைக் இட்’. இன்னொன்று, தலையாட்டல். நாம் சரி என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை அங்கே பலர் ‘இல்லை’ என்றோ ‘தெரியாது’ என்றோ எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு வேண்டுமா என்று கேட்கும்போது இப்படி ஆட்டினால் தட்டு காலியாகத்தான் வரும். ‘யெஸ்’ என்று சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள்.

இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் ரிசெப்ஷன், முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 2014 முதல் மதிய உணவு இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து தொடக்கப்பள்ளி முழுவதற்கும் உண்டு. சைவம் என்று எழுதினால் முட்டையும் சீஸும் சைவத்தில்தான் சேரும். முட்டை வேண்டாமென்றால் தனியாக எழுதுங்கள், ஜெலட்டின் சேர்த்த ஜெல்லி, மிட்டாய்க்கும் அப்படியே. வீட்டுச் சாப்பாடு கொடுத்தால் சூடாக்கித் தர மாட்டார்கள். பல பள்ளிகளில் கொட்டை வகைக்குத் தடை, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உயிராபத்து என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாம் மாட்டிக்கொள்வது கடலை மிட்டாயில் அல்ல, அதை யாரும் கொடுக்க மாட்டார்கள். எலுமிச்சை சாதத்தில் தாளித்த வேர்க்கடலை, புளியோதரை, பொங்கல் மேல் முந்திரி, சட்னிப் பொடி, இவற்றில்தான். சில பள்ளிகளில் எள்ளுக்கும் தடை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

முதல் வாரம் பல பள்ளிகளில் ரிசெப்ஷனுக்கு அரை நாள்தான். இருவரும் வேலைக்குப் போவதென்றால் அந்த வாரத்துக்கு விடுப்பு எடுத்துவையுங்கள். அக்டோபர் கடைசியில் டேர்மின் நடுவே ஒரு வாரம் ஹாஃப் டேர்ம் விடுமுறை. அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்கிறது அந்நாட்டுச் சுகாதாரத் துறை. நம் நிறத்தவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதையே யோசிக்கச் சொல்கிறார்கள்.

ஃப்ளூ காய்ச்சல் தடுப்பு மருந்துக்கு இந்த டேர்மில்தான் ஒப்புதல் படிவம் வரும். மூக்கில் தெளிப்பது, ஊசி இல்லை. அதில் பன்றி ஜெலட்டின் உண்டு. வேண்டாம் என்றால் ஜெலட்டின் இல்லாத ஊசி கேட்கலாம். படிவத்தையே கண்டுகொள்ளாமல் விடுவதைவிட இது நல்லது. பேன் வரும், எல்லா வீட்டுக்கும் வரும், பள்ளிக்கு விடுப்பு வேண்டாம். தலையை அலசி, கண்டிஷனரை நிறையத் தடவி, வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் வார வேண்டும். முதல் நாள், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாள் என்று நான்கு முறை. இரண்டாவதோடு நிறுத்தினால் ஈர் பொரித்து மறுபடி முதலிலிருந்து.

தீபாவளிக்கு வகுப்பு நாளாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், மத அனுசரிப்பு என்று ஒரு நாள் அனுமதிப்பார்கள். டிசம்பரில் டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று ஒரு வாரம் முன்பே ஊருக்குக் கிளம்புவது வேறு கதை. ஐந்து பள்ளி நாள் அனுமதியின்றிப் போனால், ஒரு பெற்றோருக்கு ஒரு குழந்தைக்கு 80 பவுண்டு அபராதம், 21 நாளில் கட்டாவிட்டால் 160. ஐந்து வயது முடிந்து அடுத்த டேர்ம் தொடங்கும்வரை சட்டப்படி கட்டாய வயது இல்லை என்பதால் உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு இது பொருந்தாமல் போகலாம். மூத்த பிள்ளை இருந்தால் பொருந்தும்.

நவம்பரையொட்டி பெற்றோர் சந்திப்பு, பத்தே நிமிடம். எந்த நிறப் புத்தகம் (வாசிப்பு நிலையை நிறத்தால் குறிப்பார்கள்) படிக்கிறாள் என்று கேட்டு அதை வீணாக்காதீர்கள். யாரோடு விளையாடுகிறாள், சாப்பிடுகிறாளா, டாய்லெட்டுக்குக் கேட்டுப் போகிறாளா, எந்த ஒலிகளில் தடுமாறுகிறாள் என்று கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். பள்ளி வாசலில் சாலையோரம் மஞ்சள் நிறத்தில் வளைந்து வளைந்து கோடு போட்டிருக்கும். அங்கே காரை நிறுத்திக் குழந்தையை இறக்காதீர்கள். ‘ஒரு நிமிடம்தான்’ என்று நிறுத்துகிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! அந்தக் காருக்குப் பின்னாலிருந்து சாலையைக் கடக்கும் மூன்றடிக் குழந்தை எதிரே வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்தக் கோடு.

கடைசியாக, சேர்க்கை. செப்டம்பர் சேர்க்கைக்கான விண்ணப்பம் அதே ஆண்டு ஜனவரி 15-இலேயே முடிந்திருக்கும், ஏப்ரல் 16-இல் இடம் அறிவித்திருப்பார்கள். ஆகஸ்டில் போகிறவர்கள் குடியேறும் பகுதியின் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) தாமத விண்ணப்பம் போட வேண்டும். சின்ன வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு முப்பது குழந்தைகளுக்கு மேல் கூடாதென்று சட்டம் இருப்பதால், வீட்டெதிரே உள்ள பள்ளி நிறைந்திருந்தால் சற்றுத் தூரத்தில்தான் கிடைக்கும். கிடைத்ததில் சேர்த்துவிட்டு, பிடித்த பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்து வையுங்கள். வாடகை ஒப்பந்தம் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.