இறந்துபோன அப்பா பக்கத்திலேயே இருப்பதுபோல் தோன்றுகிறதே, இது இயல்பா? அவர் நினைவு மங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது, பக்கத்து அறையில் அவர் நடமாடுவதுபோல் இருக்கிறது, வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயம். கேட்டிருப்பதன் சாரம் இதுதான். பயப்பட வேண்டாம். இது மனநோய் அல்ல.

வேல்ஸ் நாட்டுக் குடும்ப மருத்துவர் டெவி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை நேரில் கண்டு விசாரித்து, 1971-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். அருகில் இருப்பதுபோன்ற உணர்வு 39 சதவீதம் பேருக்கு. உருவத்தைக் கண்டவர்கள் 14, குரலைக் கேட்டவர்கள் 13 சதவீதம். பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது துணையை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், அப்பாவை இழந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

காரணம் எளிது. இருபது முப்பது வருடமாக ஒரு காலடி ஓசையை, ஒரு கனைப்பை, வாசல் கதவு திறக்கும் விதத்தை உங்கள் மூளை எதிர்பார்த்தே பழகியிருக்கிறது. ஆள் போய்விட்டார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்பு அடங்கத்தான் நாளாகும். அதனால் சின்ன சத்தம் கேட்டாலும் மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அவர் வழக்கமாக வீடு திரும்பும் நேரம், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கும் சில நிமிடங்கள், கை வேலையில் இருந்து மனம் சும்மா இருக்கும் பொழுது, இப்போதெல்லாம் அதிகம் வரும். வாசனையும் அப்படித்தான். மற்ற புலன்களின் செய்தி மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகிறது. வாசனை மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. அவருடைய சட்டையை எடுத்த கணத்தில் தொண்டை அடைப்பது இதனால்தான்.

வரும்போது விரட்டவும் வேண்டாம், வலிந்து வரவழைக்கவும் வேண்டாம். "அப்பா" என்று கூப்பிடத் தோன்றினால் கூப்பிடுங்கள். பேச வேண்டியதைப் பேசுங்கள். வீட்டில் அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இதே அனுபவம் இருந்து, அவர்களும் வெளியே சொல்லாமல் இருக்கலாம். ஒருவர் தொடங்கினால் மற்றவர்களும் பேசுவார்கள்.

அடுத்தது நினைவு. இதில் குரலுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். முகத்துக்குப் படங்கள் இருக்கும். குரல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் காணாமல் போய்விடும். அவருடைய போனை ரீசெட் செய்து யாருக்காவது கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. குறைந்தது ஒரு வருடமாவது அதில் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். சிம் கார்டை உடனே ரத்து செய்யாதீர்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வரும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு அந்தக் கெடு இரண்டு வருடம். புகைப்படங்களும் சேர்ந்தே போகும்.

அவர் உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் போனில் இருக்கும். மொத்த உரையாடலையும் ஏற்றுமதி செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; நீண்ட உரையாடலில் பழைய பகுதி விடுபடும். குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றுங்கள். உறவினர்களிடம், "அப்பா பேசுகிற வீடியோ இருக்கிறதா" என்று கேட்பதைவிட, "அப்பா இருந்த நிகழ்ச்சியின் வீடியோ எதுவானாலும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று யாரையோ கூப்பிடும் குரல் அப்படித்தான் கிடைக்கும். கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்குங்கள் (2019-06-14 என்பதுபோல). அவர் யாரிடம் பேசுகிறார் என்பதையும் சேருங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறொரு வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம். இரைச்சல் நீக்கும் செயலியை மூலக் கோப்பின் மேல் ஓட்டாதீர்கள்; மூச்சையும் தயக்கத்தையும் அது சேர்த்தே அழித்துவிடும்.

அவர் குரலைப் போலியாக உருவாக்கித் தரும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. வேண்டாம் என்பேன். அவர் சொல்லாததை அவர் குரலில் கேட்டால், நாளடைவில் எது அவர் சொன்னது என்பதே குழம்பிவிடும்.

எழுதும்போதும் அதே கவனம் வேண்டும். நினைவு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் மாறுகிறது. பிறர் சொன்னதும் அதில் கலந்துவிடும். அதனால் முதலில் தனியாக எழுதுங்கள், பிறகு மற்றவர்களிடம் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். "அன்பானவர், உழைப்பாளி" என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்து அதில் அவர் இருக்க மாட்டார். போனை எடுத்ததும் முதலில் என்ன சொல்வார்? கோபம் வந்தால் குரல் உயருமா, தாழுமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பார்? எந்த எழுத்தை நீட்டி எழுதுவார்? அவர் மேல் உங்களுக்கு இருக்கும் மனத்தாங்கலையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் எழுத்தில் வருபவர் வேறு யாரோ.

கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், பிரிக்க முடியாது. 600 டிபிஐ-யில் (ஸ்கேனின் நுணுக்க அளவு) ஸ்கேன் செய்து, மூலத்தை வெளிச்சம் படாமல் வையுங்கள். படத்தின் பின்புறம் எழுத மென்மையான பென்சில்; பால்பாயின்ட் முன்பக்கம் தடம் பதிக்கும். வாசனைக்காக ஒரே ஒரு சட்டையைத் துவைக்காமல், நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஜிப் வைத்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். திறக்கத் திறக்க வாசனை குறையும்.

மருத்துவரிடம் போக வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. குரல் கட்டளையிட்டால், உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால், "நானும் அவரிடமே போய்விடுகிறேன்" என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே போங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். வயதான அம்மா திடீரென்று உருவங்களைக் காண்பதாகச் சொன்னால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், புதிய மருந்து, பார்க்கின்சன், மறதிநோய் ஆகியவற்றாலும் அது வரும். நாள்தோறும் தாங்க முடியாத ஏக்கமும் அன்றாட வேலை முடங்குவதும் நீடித்தால் அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 வரையறையில் அதற்குக் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவ வரையறையில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். ஏழாம் மாதத்தில் அடுத்த அறையில் காலடி கேட்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

சேகரித்த குரலை முதல்முறை கேட்கும்போது பகலில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே சின்னதான பதிவில் தொடங்குங்கள்.