வானொலி அறிவிப்பாளர் நேயர்களோடு திறம்படத் தொடர்புகொள்வது எப்படி?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்துள்ள பதில்களில் பெரும்பாலானவை குரல்வளம், உச்சரிப்பு, உற்சாகம் ஆகிய மூன்றையே சுற்றி வருகின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நெடுங்காலம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, “நல்ல குரல் இருந்தால் பாதி வேலை முடிந்தது” என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. என் குரல் சாதாரணமானது. என்னைத் தேர்வு செய்த குழுவிலேயே ஒருவர் அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆகவே இந்தப் பதிலில் சற்றுச் சொந்த வழக்கும் கலந்திருக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர் அண்மையில் ஒலிவாங்கியின் முன் உட்காரத் தொடங்கியவர், தன் குரலைப் பற்றி ஐயம் உடையவர் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நீங்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் அதைக் கேட்டவர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வாசிக்கப்படும் வாக்கியம் எவ்வளவு இனிய குரலில் வந்தாலும் காற்றோடு போய்விடும்.

மழைக்காலத்தில் ஓர் இரவுப் பணியின்போது எனக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அணையிலிருந்து திறந்துவிடப்படும் உபரி நீரின் அளவு வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடியாக உயர்த்தப்படுவதால், கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். முதல் முறை எழுதியபடியே வாசித்தேன். சில நிமிடங்களில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. அழைத்தவர்கள் எல்லாருமே ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “சார், இது எங்களுக்கா?”

அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. தன் வீடு தாழ்வான பகுதியில் இருப்பதாக எவரும் நினைப்பதில்லை. பக்கத்துத் தெருதான் தாழ்வு என்று எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர் என்று விளக்கினாலும், பல ஆயிரம் கன அடி நீர் தன் வாசலில் எந்தப் படி வரை வரும் என்று யாராலும் கணக்கிட முடியாது. அணையில் திறந்த நீர் உடனே வந்துவிடாது, அதற்குப் பல மணி நேரம் ஆகலாம் என்பதும் அறிவிப்பில் இல்லை. அப்படியானால் இப்போதே எழுந்து ஓடுவதா, விடியும் வரை காத்திருப்பதா? எழுதியவருக்கு இந்த ஐயங்கள் எழவில்லை, ஏனென்றால் அவர் அதை ஓர் ஆவணமாக எழுதினார்.

நான் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையை அழைத்து, பணியில் இருந்த பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். நீர் எப்போது வந்து சேரும், எந்தக் கரையில் முதலில் ஏறும், எல்லாருக்கும் தெரிந்த எந்த அடையாளம் வரை உயரும்? மூன்றாவது கேள்விக்கு அவர் சற்று யோசித்தார். பிறகு, பாலத்துக்குக் கீழே உள்ள படித்துறையின் மேல் படி விடிவதற்குள் மூழ்கிவிடும் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த முறை அரசின் அறிவிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்த பின், கட்டுப்பாட்டு அறையின் பொறியாளர் தெரிவித்த தகவல் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, இப்படித் தொடர்ந்தேன்: “படித்துறையின் மேல் படி விடிவதற்குள் மூழ்கும். உங்கள் வீடு அந்தப் படியின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால் இந்த அறிவிப்பு உங்களுக்குத்தான். தண்ணீர் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஓட வேண்டாம். வயதானவர்களையும் குழந்தைகளையும் எழுப்புங்கள். மருந்துகளையும் ஆவணங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலைப் பக்கமாக நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.”

அதன் பிறகும் தொலைபேசி ஒலித்தது. ஆனால் கேள்விகள் மாறிவிட்டன. பள்ளியின் எந்த வாயில் திறந்திருக்கிறது, மாடுகளை எங்கே கட்டுவது, நடக்க முடியாதவரை அழைத்துப்போக வண்டி வருமா என்றெல்லாம் கேட்டார்கள். நேயர் நான் சொன்னதைப் புரிந்துகொண்டு ஓர் அடி முன்னே போய்விட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. “அருமையான குரல்” என்று வரும் பாராட்டுக் கடிதங்களை நான் ஒருபோதும் அந்த அளவுக்கு மதித்ததில்லை.

நான் யாருடைய உயிரையும் காப்பாற்றியதாகச் சொல்லவில்லை; காவல் துறையினரும் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார்கள். அறிவிப்பாளர் தன் விருப்பப்படி எதையும் சேர்க்கலாம் என்றும் சொல்லவில்லை. “உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது” என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: அந்தக் கேள்வியை என் நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மறுநாளே குறிப்பாணையாகக் கேட்டுவிட்டார், நானும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறுப்புள்ள அதிகாரியிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே சொன்னேன். அன்றைய ஒலிபரப்பின் நாடாவைப் போட்டுக் கேளுங்கள் என்றும் அந்தப் பதிலில் எழுதியிருந்தேன். ஆனால் நாடா பற்றாக்குறை என்ற காரணத்தால் அது அதற்குள் அழிக்கப்பட்டு, அதன் மேல் ஏதோ ஒரு வரவேற்புரை பதிவு செய்யப்பட்டிருந்தது. எத்தனையோ நல்ல நேர்காணல்களும் நாடகங்களும் இப்படித்தான் போயின. விழாத் தலைவர்களின் உரைகள் மட்டும் பெயர் எழுதி அலமாரியில் பாதுகாக்கப்பட்டன. அந்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

அறிவிப்பைக் கால் மணிக்கு ஒரு முறை முழுமையாகத் திரும்பச் சொன்னதும் குறிப்பாணையில் ஒரு குற்றமாக எழுதப்பட்டிருந்தது. வானொலியில் நேயர் தாமதமாக வருவார். வந்தவரால் பின்னோக்கிப் போக முடியாது. 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் நடிகர் ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய, செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுத்து வருவதாகச் செய்தி வடிவில் அமைந்த நாடகத்தை எல்லாரும் அறிவார்கள். அது நாடகம் என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். இடையில் வந்து இணைந்தவர்களுக்கு அது தெரியாது. மீண்டும் அதை அறிவிக்கும் இடைவேளை மிகத் தாமதமாகவே வந்தது. நாடெங்கும் பீதி பரவியதாகப் பத்திரிகைகள் எழுதியது பெரும்பாலும் மிகை என்று பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் சிலர் உண்மையிலேயே அஞ்சினார்கள். நீங்கள் நேர்காணல் செய்தாலும் சரி, பாட்டுப் போட்டாலும் சரி, பேசுபவர் யார், பேச்சு எதைப் பற்றியது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருங்கள். தொடக்கத்திலிருந்து கேட்பவருக்கு அது அலுப்பாக இருக்காதா என்றால், ஒரே வாக்கியத்தில் சொன்னால் இருக்காது.

புரியும்படி சொல்வதென்றால் என்ன என்பதற்கு நான் புதியவர்களிடம் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 12 அன்று இரவு ஆற்றிய வானொலி உரை. நாட்டின் வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டிருந்த வாரம் அது. கால் மணி நேரத்துக்கும் குறைவான அந்த உரையில் அவர் மக்களுக்குத் தைரியம் சொல்லித் தொடங்கவில்லை. என்ன செய்தோம், ஏன் செய்தோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்வதாகக் கூறிவிட்டு, நீங்கள் வங்கியில் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டிவைப்பதில்லை, முதலீடு செய்கிறது என்ற அடிப்படையிலிருந்து விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, பயந்துபோய்ப் பணத்தை எடுத்துச் சென்றிருந்தவர்கள் அதைத் திரும்பச் செலுத்த வந்தார்கள். அந்த உரையை அவர் “நண்பர்களே” என்றுதான் தொடங்கினார் என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசு, பன்மையில் அழைக்காதே என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித்தருகிறார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் விளியை மட்டும் மாற்றிவிட்டுப் பிறகு அறிக்கை வாசிப்பதால் ஒன்றும் நடக்காது.

எழுத்துத் தமிழை அப்படியே வாசிப்பதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. படிப்பவர் கண்ணை ஓட்டி முடிவைப் பார்த்துக்கொள்வார். கேட்பவரோ அது வரும் வரை அத்தனையையும் நினைவில் சுமக்க வேண்டும். “பராமரிப்புப் பணிகள் நடைபெறவிருப்பதால் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பின்வரும் பகுதிகளில் மின்விநியோகம் நிறுத்தப்படும்” என்று வாசித்துவிட்டுப் பிறகு ஊர்ப் பெயர்களைச் சொன்னால், தன் ஊரின் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டுக் காது கொடுப்பவருக்கு நேரத்தைச் சொன்ன பகுதி ஏற்கெனவே போய்விட்டது. பெயரை முதலில் சொல்லுங்கள், காது திரும்பட்டும். பிறகு மின்சாரம் நாளை காலை 9 மணிக்கு நிற்கும், மாலை 5 மணிக்குத் திரும்பும் என்று இரண்டு சிறு வாக்கியங்கள் போதும். காரணம் கடைசியில் வரட்டும். 23,87,412 என்று தாளில் இருந்தால், சரியான எண் தேவைப்படாத இடத்தில் ஏறத்தாழ 24 லட்சம் என்று சொல்லுங்கள்.

ஒலிவாங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரு சாண் தூரம் வைத்து, நேர் எதிரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் பகரத்தின் காற்று வெடித்துக் கேட்காது. ஒரு திசையில் மட்டும் ஒலியை வாங்கும் வகை ஒலிவாங்கிகளில், மிக நெருங்கினால் குரலின் கனம் கூடும். கம்பீரமான குரல் என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி இந்த இயற்பியல்தான் என்பதைக் குரல்வளக்காரர்கள் வெளியில் சொல்வதில்லை.

நேயர்களின் அழைப்புகளை ஏற்கும் நிகழ்ச்சிதான் கடினமானது. 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், ஊடகத்தில் தோன்றுபவரோடு நேயர் கொள்ளும் ஒருதலைப் பழக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அழைப்பவர் உங்களோடு பல காலம் பழகியவராகப் பேசுவார்; உங்களுக்கு அவர் அந்த நொடியில்தான் அறிமுகம். அவருடைய உரிமையைச் செயற்கையான குழைவால் ஈடுகட்ட முயலாதீர்கள், அவர் பேசி முடிக்கட்டும். வழக்கமான தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துவதால், சில மெய்யொலிகள் மங்கிவிடும். அவர் சொன்னதன் சாரத்தை உங்கள் குரலில் ஒரு வரியில் திரும்பச் சொன்னால் மற்ற நேயர்களும் தொடர்ந்து வர முடியும். தான் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதாக அழைத்தவருக்கும் தெரியும். இல்லையென்றால் அவரே திருத்துவார். அவர் திருத்தினால் மகிழ்ச்சி அடையுங்கள்.

உற்சாகத்தைப் பற்றியும் ஒரு சொல், இல்லாவிட்டால் அதை நான் தவிர்த்துவிட்டதாகச் சிலர் எழுதுவார்கள். காரணமில்லாத சிரிப்பையும் மூச்சுவிடாத வேகத்தையும் உற்சாகம் என்று சில நிலையங்கள் எதிர்பார்க்கின்றன. வேலை நிலைக்க வேண்டுமானால் நீங்களும் ஓரளவு அதற்கு இணங்க நேரலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். நேரம், இடம், எண், எச்சரிக்கை ஆகியவை வரும் வரிகளிலாவது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒலிபரப்பியதைப் பதிவு செய்து கேட்கும்போது காதணிபேசியில் கேட்காதீர்கள். சிறிய வானொலிப் பெட்டியின் தரத்தில், மின்விசிறி சுழலும் அறையில், கையில் வேறு வேலையை வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த வரியில் கவனம் விலகுகிறதோ அந்த வரியை உங்கள் தாளில் குறித்துவைத்து, மறுநாள் பணிக்குப் போகும் முன் வேறு விதமாக எழுதிப் பாருங்கள்.