பதில்: வெள்ளிக்கிழமை அரை நாளில் கொழும்பில் எந்தப் பள்ளிவாசல், எந்தத் தேவாலயம்?

அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் அரை நாள்தான், அதுவும் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் தெற்கே காலி நகரம் வரை போக நினைக்கவே வேண்டாம். கொழும்பிலேயே, பக்கத்துப் பக்கத்தில், பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

காலையிலேயே புறக்கோட்டைக்குப் போய்விடுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், நாங்கள் சொல்லும் சிவப்புப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: சிவப்பும் வெள்ளையும் வரி வரியாய், சில தூண்களில் திருகுச் சுருளாய் ஏறும். மேலே மாதுளம்பழம் மாதிரிக் குவிமாடங்கள். ஜும்ஆ எனும் வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் தெருவே நிரம்பிவிடும், அதற்கு முன்பே கிளம்புங்கள். அம்மா தலையை மூட ஒரு சால்வை கொண்டுவரட்டும்.

அங்கிருந்து வுல்வெண்டால் தேவாலயத்துக்கு நடக்க வேண்டாம், ஏற்றம் இருக்கிறது. ஆட்டோ பிடியுங்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1749இல் தொடங்கி 1757இல் திறந்த கோயில் அது. சிலுவை வடிவம், தடித்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. அம்மா வாங்கில் உட்காரட்டும், நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் கொண்டுவந்த கல்லறைக் கற்கள் அங்கே உண்டு. ஒல்லாந்து எழுத்தும் குலச் சின்னங்களும் விரலுக்குத் தட்டுப்படும். எனக்குக் கொழும்பிலேயே மிகப் பிடித்த இடம் அதுதான்.

நேரம் மிஞ்சினால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சேதமானதை, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் திறந்தார்கள். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள்.