ஒரு குழாய் ரத்தத்தை வைத்து மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

"ரத்தத்தில் ஓடும் எக்சோசோம்களிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களிலும் மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுமாமே, இனி மேமோகிராம் வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேமோகிராம், அதாவது மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது, வேண்டும். இன்றைய தேதியில் அந்த ரத்தப் பரிசோதனையை நம்பி யாரும் மேமோகிராமைத் தள்ளிப்போடக் கூடாது.

நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. வீட்டில் அம்மாவோ அக்காவோ கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று சொல்லியிருப்பார்கள். மேமோகிராம் என்றதும் தயங்கியிருப்பார்கள். நீங்கள் வேறு வழி இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். அப்படித்தான் என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை அப்புறம் வந்து படித்துக்கொள்ளலாம்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு ஆய்வகத்தில் ஆறு வருடம் பி.எச்டி. செய்தேன். மார்பகப் புற்றுநோய் செல்கள் வெளியே விடும் நுண்பைகளும் (நீங்கள் எக்சோசோம் என்று சொன்னது இவற்றைத்தான்) அவற்றுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்தான் என் வேலை. ஆகவே இந்தத் துறையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் இருபதுகளில் பாதியை அதற்குக் கொடுத்தவள் நான். இன்னொன்று, எக்சோசோம் என்ற சொல்லும் முழுக்கச் சரியில்லை. அந்தப் பை செல்லுக்குள் எங்கே உருவானது என்று காட்டாமல் அப்படி அழைக்கக் கூடாது என்று துறைக்காரர்கள் திருத்துவார்கள். அதனால் பொதுவாக வெசிக்கிள் என்றே சொல்கிறேன்.

மரபணுவில் இருக்கும் தகவல் புரதமாக மாறும் வழியில் ஒரு நகல் போகும், அதுதான் மெசஞ்சர் ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளமே உள்ள துணுக்கு. அது அந்த நகலின் வால்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டால் புரதம் உருவாவது குறைந்துவிடும். 1993ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரின் குழுக்களும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டன. அந்தப் புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். 2000ல் லெட்-7 என்ற இன்னொன்று புழு முதல் மனிதர் வரை இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவருக்கும் 2024ல் நோபல் கிடைத்தது.

வெசிக்கிள் கதை தனி. 1983ல் மான்ட்ரியலிலும் செயின்ட் லூயிஸிலும், வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத புரதத்தைச் சிறு பைகளில் கட்டி வெளியே தள்ளுவதைப் பார்த்தார்கள். நெடுநாள் அதைக் குப்பை என்றே பலரும் ஒதுக்கினார்கள். 2007ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் யான் லோட்வாலின் குழு, பைக்குள் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்யும் என்று காட்டியது. அதன் பிறகு குப்பைப்பை தபால் பையாகிவிட்டது.

நான் இந்தத் துறைக்கு வந்ததே ஒரு கட்டுரையால்தான். கலிபோர்னியாவில் சிட்டி ஆஃப் ஹோப் என்ற ஆய்வு மருத்துவமனையில் ஷிசென் எமிலி வாங் நடத்திய குழு 2014ல் வெளியிட்டது. ரத்தக்குழாயின் உட்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று தைத்துவைத்த மாதிரி நெருக்கமாக இருக்கும். அந்தத் தையலில் இசட்.ஓ.-1 என்ற புரதம் முக்கியமான இழை. பரவும் குணமுள்ள மார்பகப் புற்றுநோய் செல்கள் அனுப்பும் வெசிக்கிள்களில் மிர்-105 இருக்கிறது (மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஆய்வகத்தில் மிர் என்றுதான் சொல்வோம்). சுவர் செல் அந்தப் பையை வாங்கிக்கொள்கிறது. உள்ளே போன மிர்-105 இசட்.ஓ.-1ஐ அடக்கிவிடுகிறது. தையல் விட்டுப்போய், புற்றுநோய் செல் அந்த இடைவெளியில் நுழைந்துவிடுகிறது. எலிகளில், கட்டி இருக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில் உள்ள உறுப்புகளிலும் ரத்தக்குழாய் கசியத் தொடங்கியது. மிர்-105ஐத் தடுத்தால் பரவல் குறைந்தது.

அடுத்த வருடம் அதே குழு மிர்-122 பற்றி எழுதியது. அது நுரையீரலிலும் மூளையிலும் உள்ள சாதாரண செல்கள் குளுக்கோஸ் எடுப்பதைக் குறைத்துவிடுகிறது. பிறகு அங்கே வந்து இறங்கும் புற்றுநோய் செல்லுக்கு அந்தச் சர்க்கரை மிச்சம். வரப்போகிற ஒருவனுக்காக வீட்டு ஆட்களைப் பட்டினி போட்டு அரிசியை ஒதுக்கிவைப்பது மாதிரி. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போதும் அந்த இரண்டு கட்டுரைகள் மேல் எனக்கு அதே மரியாதைதான். இந்த மாதிரி வேலையில் அதிகம் பயன்படும் எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்கள், 1973ல் டெக்சஸில் ஒரு நோயாளிப் பெண்ணின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து எடுத்து வளர்த்தவை. அந்த அம்மாவின் செல்கள் என் இன்குபேட்டரிலும் ஆறு வருடம் இருந்தன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோயாளிகளின் ரத்தத்திலும் மிர்-105 அளவுக்கும் நோய் பரவியதற்கும் தொடர்பு தெரிந்தது உண்மை. ஆனால் ஒரு கூட்டத்தில் தொடர்பு தெரிவது வேறு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் உங்களுக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்வது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் விழுந்தேன்.

எங்கள் திட்டம் எளிமையானது. நோயாளிகளின் பிளாஸ்மாவையும் (ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் திரவம்) நோயில்லாத பெண்களின் பிளாஸ்மாவையும் எடுத்து, வெசிக்கிள்களைப் பிரித்து, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட வேண்டும். முதல் சுற்றிலேயே மிர்-16, மிர்-486 இரண்டும் நோயாளிகளிடம் பல மடங்கு அதிகம். என் கைடுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பிவிட்டோம். அந்த வருடம் யாரைப் பார்த்தாலும் என் வேலையைப் பற்றித்தான் பேசினேன்.

ஒரு நாள் சாயங்காலம், மிச்சமிருந்த பிளாஸ்மா குழாய்களை வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தினேன். பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். நோயாளிகளின் குழாய்கள் பலவும் இளஞ்சிவப்பாக இருந்தன. ஒளி உறிஞ்சுவதை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், 414 நானோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தேன். ஹீமோகுளோபின் நிமிர்ந்து நின்றது. சிவப்பணுக்கள் உடைந்து கலந்திருக்கின்றன. மிர்-16ம் மிர்-486ம் சிவப்பணுவுக்குள் ஏராளமாக இருப்பவை. நான் 14 மாதம் அளந்தது புற்றுநோயை இல்லை, உடைந்த சிவப்பணுவை.

காரணத்தைத் தேடிப் போனால் அது ஓ.பி.யில் இருந்தது. நோயாளிகளுக்குக் காலை எட்டு மணிக்கு, கூட்டத்துக்கு நடுவே, நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை குத்தி ரத்தம் எடுப்பார்கள். ஊதா மூடிக் குழாய் ரேக்கில் மதியம் வரை காத்திருக்கும். ஒப்பீட்டுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் எங்கள் விடுதிப் பெண்கள். அவர்களுக்கு ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் எடுத்து, கால் மணி நேரத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செல்களைப் பிரித்துவிடுவோம். அந்த டெக்னீஷியனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலையில் அவர் எத்தனை கைகளைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று நானே நின்று பார்த்திருக்கிறேன். கேட்டிருக்க வேண்டியது நான்.

எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ரத்தம் எடுக்கும் இடத்தில் நானே நின்று வாங்கிக்கொண்டேன், இளஞ்சிவப்புக் குழாய்களைக் கொட்டினேன். வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. மிஞ்சியது சின்ன வித்தியாசம், ஒரு நோயாளியைத் தனியே அடையாளம் காட்டப் போதாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2014ல் அமெரிக்காவில் ஒரு குழு எண்ணிப் பார்த்தபோது, தாராளமாக இருக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.கூட நூறு வெசிக்கிள்களுக்கு ஒரு பிரதி என்ற அளவுக்கும் தேறவில்லை. அதில் ஆரம்ப நிலைக் கட்டியிலிருந்து வந்த பை எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் முடிவை எழுதி அனுப்பிய இதழ்கள் எல்லாம் புதுமை இல்லை என்று திருப்பிவிட்டன. தப்பான முடிவு மாநாட்டுக்குப் போனது, சரியான முடிவு என் தீசிஸில் ஒரு அத்தியாயமாகத் தூங்குகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வெசிக்கிள் பிரிக்கும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் எங்கள் வளாகத்தில் எல்லோருக்கும் பொது. பகல் நேரம் எல்லாம் மற்றவர்கள் பெயரில் இருக்கும், எனக்குக் கிடைத்தது ராத்திரி. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் இரண்டு சுற்று முடித்து, வீடு சேர நடுநிசி ஆகும். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு வர்ற பொண்ணுக்கு வீடு குடுக்க முடியாதும்மா" என்று ஒரே வருடத்தில் மூன்று வீடு மாற வேண்டியிருந்தது. அதே நேரத்துக்கு வந்த என் சீனியர் அண்ணனிடம் அவர் வீட்டுக்காரர் சாப்பிட்டாயா என்று கேட்பாராம். இன்னும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி. நான் இவ்வளவு வரிந்துகட்டி எழுதுவதற்குக் காரணம் என் சித்தி.

இளஞ்சிவப்புக் குழாய்களைப் பார்ப்பதற்கு முந்தைய வருடம், கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி என்ன படிக்கிறாய் என்று கேட்டார். "இன்னும் நாலஞ்சு வருஷத்துல ஒரு ரத்த டெஸ்ட் போதும் சித்தி, மேமோகிராமெல்லாம் வேண்டியிருக்காது" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அப்போதே அவருக்கு இடது பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்துச் சித்தப்பா போன் செய்தார். அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். நடுவில் சித்தி ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்திருக்கிறார். அதில் சி.ஏ. 15-3 என்ற ரத்தப் பரிசோதனை இயல்பு அளவு என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிட்டார். அந்தப் பரிசோதனை ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுவது. ஆரம்ப நிலையில் பலருக்கும் இயல்பாகவே இருக்கும். அதைப் பேக்கேஜில் சேர்ப்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீதானே பாப்பா சொன்னே, ரத்தத்துலயே பாத்துருவாங்கன்னு?" அவர் குற்றம் சாட்டவே இல்லை. சந்தேகம் கேட்டார், அவ்வளவுதான். எனக்குப் பதில் வரவில்லை.

கீமோ, அறுவை, ரேடியேஷன் எல்லாம் முடிந்து சித்தி இப்போது வீட்டில் இருக்கிறார். அந்த எட்டு மாதம் என்ன வித்தியாசம் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

வெளிநாட்டில் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதே என்று சிலர் லிங்க் போடுவீர்கள். அவற்றில் பல, கட்டியிலிருந்து உதிரும் டி.என்.ஏ.வைப் பார்ப்பவை. நோய் உறுதியானவர்களுக்கு எந்த மருந்து பலிக்கும் என்று தேர்ந்தெடுக்கப் பயன்படுகின்றன. நீங்கள் கேட்டது அது இல்லை. வெசிக்கிள் சோதனையும் ஒரு நாள் வரலாம், வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

வீட்டில் இருப்பவருக்கு வயது நாற்பதுக்குக் கீழ் என்றால் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் சரியாகத் தெரியாமல் போகலாம். டாக்டர் அல்ட்ராசவுண்ட் எழுதிக்கொடுத்தால் ஏன் என்று பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துப் பார்ப்பது, செய்வார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மேமோகிராமில் அழுத்தும்போது சில விநாடி வலிக்கும், அதை மறைக்காமல் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவாக இருக்கும். ஆனால் கட்டி தட்டுப்பட்டிருந்தால் அந்த வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த ஊர் என்று கமெண்டில் சொன்னால், அங்கே எங்கே எடுக்கலாம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.